கடல் விட்டுச் சென்ற கரைகள்

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சென்று திரும்பும் நம் குடும்பங்களின் பைகளைத் திறந்து பார்த்தால், எண்ணெய்ப் புட்டிக்கும் மெழுகுதிரிக்கும் இடையே ஒரு பிடிச் சிப்பியும் சிறு சங்கும் இருக்கும். குழந்தைகள் பொறுக்கியவை. கடற்கரையில் விடப்பட்ட குழந்தை குனியாமல் இருப்பதில்லை. திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் வாழும் நமக்குக் கடல் என்பது நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது, ஆண்டுக்கு ஒருமுறை காண்பது. ஆகவே அந்தச் சிப்பிகள் வீட்டு மாடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலேயே இடம் பெற்றுவிடுகின்றன.

இங்கிலாந்தின் தென்கரையில் இந்தக் குனிதல் ஒரு குடும்ப வழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. விடுமுறை நாள்களில் பெற்றோரும் பிள்ளைகளும் அலை அரித்த பாறைகளின் அடியில் உலாவி, கல்லாகிப்போன நத்தைகளையும் எலும்புகளையும் தேடுகிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு கரை உண்டா? உண்டு. ஆனால் அங்கே இப்போது கடல் இல்லை. அந்தக் கரைகளின் வரலாற்றையும், திருச்சபையின் நினைவில் அத்தகைய கற்களுக்கு உள்ள இடத்தையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஊர் மலையில் தேடிப் பயனில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இப்பகுதியின் பாறைகள், ஓடும் எலும்பும் உடைய உயிர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. சுமார் 250 கோடி ஆண்டு வயதுடையவை. இங்கிருந்து கிழக்கே செஞ்சி, திண்டிவனம், மயிலம் வழியாகச் சென்றால் வானூர் வட்டத்தில் திருவக்கரை என்னும் சிற்றூர் வரும். பாடல் பெற்ற சிவத்தலம் அது. அதன் காளி கோயிலும் பெயர் பெற்றது. ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில் மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. நார் தெரிகிறது, கணு தெரிகிறது. தட்டினால் ஓசை கல்லினது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் என்று அறிஞர் கணிக்கின்றனர். அவற்றில் கிளையோ வேரோ இலையோ ஒட்டியிருக்கவில்லை. எனவே அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல. பெருவெள்ளம் எங்கிருந்தோ உருட்டி வந்து மணலில் புதைத்தவை. மண்ணில் ஊறிய நீர் கொண்டுவந்த மணற்சத்து, மரத்தின் சத்து கரைந்து விட்ட இடத்தையெல்லாம் மெல்ல மெல்ல நிரப்ப, மரம் தன் உருவம் மாறாமல் கல்லாயிற்று.

பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியேர் சொன்னெரா 1781இல் இவற்றைப் பற்றி எழுதினார். ஐரோப்பியர் இம்மரங்களை அறிந்தது அவரால்தான். ஊர் மக்களோ தலைமுறை தலைமுறையாகவே அவற்றைக் கண்டிருந்தார்கள். அவர்களிடம் ஒரு விளக்கமும் இருந்தது. திருமாலால் கொல்லப்பட்ட அசுரனின் எலும்புகளே இவை என்பது அவ்வூர் வழக்கு.

இதைக் கேட்டுப் புன்னகைக்கத் தோன்றுகிறவர்களுக்கு ஒரு சொல். நம்மிடமும் இத்தகைய கதைகள் உண்டு. மால்டா தீவில் புனித பவுலின் கையைப் பாம்பு பற்றியதையும் அவர் அதை நெருப்பில் உதறியதையும் திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். அத்தீவின் பாறைகளில் முக்கோண வடிவில் பளபளக்கும் கற்கள் கிடைக்கும். பவுலடியாரின் வாக்கால் கல்லாகிப்போன பாம்பு நாக்குகள் அவை என்று கிறிஸ்தவ மக்கள் நம்பினர். நச்சுமுறிவுக்கென்று அவற்றை வாங்கி அணிந்தனர். இங்கிலாந்தின் விட்பிக் கடற்கரையில் சுருண்ட நத்தை போன்ற கற்கள் ஏராளம். ஏழாம் நூற்றாண்டில் அங்கே மடத்துத் தலைவியாய் இருந்த புனித ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்பது கதை. பாம்பென்றால் தலை வேண்டுமே! வணிகர் அக்கற்களில் தலையைச் செதுக்கியும் விற்றனர். அதே குடும்பத்துக் கல்தான் நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து சாளக்கிராமம் என்று வந்து நம் அண்டை வீட்டாரின் பூசையில் இடம்பெறுகிறது. கல்லில் உயிரின் உருவைக் கண்ட மனிதன் எந்தச் சமயத்தவனாயினும் வாளாவிருக்கவில்லை.

திருச்சபைத் தந்தையருள் பெரியவரான புனித அகுஸ்தினாரும் இத்தகைய ஒரு பொருளைக் கடற்கரையில் கண்டவரே. 413க்கும் 426க்கும் இடையே அவர் எழுதிய 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் பதினைந்தாம் பகுதியில் இச்செய்தி வருகிறது. இன்றைய துனீசியா நாட்டிலிருந்த உத்திக்கா நகரின் கரையில், தாம் தனியாக அல்ல, வேறு சிலரும் உடனிருக்க, மனிதனின் கடைவாய்ப்பல் ஒன்றைக் கண்டதாகவும், அதை நம் பல்லளவுக்கு வெட்டினால் நூறு பற்கள் ஆகுமென்றும் அவர் குறித்திருக்கிறார். வெள்ளப்பெருக்குக்கு முன் அரக்கர் போன்ற பெருமனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அதைச் சான்றாகவும் கொண்டார். அது யானை இனத்தின் பல்லாய் இருந்திருக்கும் என்பது இன்றைய கருத்து.

அகுஸ்தினாரின் விளக்கம் பிழைபட்டது. ஆனால் கண்டதை அவர் மறைக்கவில்லை. எங்கே கண்டார், எவ்வளவு பெரியது, உடன் யாரேனும் இருந்தனரா என்று சாட்சி சொல்வது போலச் சொல்லி வைத்தார். அதனால்தான் பதினாறு நூற்றாண்டு கழித்தும் அவர் விளக்கத்தை விலக்கிவிட்டு அவர் கண்ட பல்லை நம்மால் ஏற்க முடிகிறது. தொடக்கநூலுக்கு எழுதிய விளக்கவுரையில் அவரே ஓர் எச்சரிக்கையும் விடுத்திருக்கிறார்: வானையும் மண்ணையும் பற்றி நம்பாதாரும் அறிந்த செய்திகளில் ஒரு கிறிஸ்தவர் மறைநூலின் பேரால் பிதற்றுவாரானால், நகைப்புக்குள்ளாவது அவர் மட்டுமல்ல, மறைநூலும்தான் என்பது அதன் சாரம். நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய பகுதி அது.

மால்டாவின் கல்நாக்குகளுக்கு விடை கிடைத்தது 1666இல். இத்தாலியில் லிவோர்னோவுக்கு அருகே மீனவர் பெரிய சுறா ஒன்றைப் பிடித்தனர். ஆட்சியாளரின் ஆணைப்படி அதன் தலை பிளாரன்சுக்கு அனுப்பப்பட்டது. அங்கே உடற்கூறு ஆய்வாளராய் இருந்த டென்மார்க் நாட்டு இளைஞர் நீல்ஸ் ஸ்டென்சன் அதை அறுத்துப் பார்த்தார். ஸ்டெனோ என்பது நூல்களில் வழங்கும் பெயர். வாயில் வரிசை வரிசையாய் இருந்த பற்கள் அந்தக் கல்நாக்குகளை அப்படியே ஒத்திருந்தன. ஃபாபியோ கொலோனா என்னும் இத்தாலியர் 1616லேயே இதைச் சொல்லியிருந்தார், கேட்டவர் சிலரே. ஸ்டெனோ அடுத்த வினாவையும் கேட்டார்: சுறாவின் பல் மலைப்பாறைக்குள் எப்படிப் போயிற்று? பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறாய் இருந்திருக்க வேண்டும் என்றார். 1669இல் வெளியிட்ட நூலில், கீழ்ப்படுகை முந்தியது, மேற்படுகை பிந்தியது என்னும் விதியை வகுத்தார். வீட்டில் பழைய செய்தித்தாள் அடுக்கைப் பார்ப்பவர் எவரும் ஒப்புக்கொள்ளும் விதிதான். ஆயினும் பூமியின் வரலாற்றைப் படிக்கும் திறவுகோல் அதுவே.

இந்த ஸ்டெனோ நமக்கு அயலார் அல்லர். லூத்தரன் குடும்பத்தில் பிறந்த அவர் 1667இல் கத்தோலிக்க மறையைத் தழுவினார், 1675இல் குருவானார், 1677இல் ஆயராகி வடநாடுகளின் மறைப்பணிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஏழையாய் வாழ்ந்து 1686இல் ஷ்வெரின் நகரில் இறந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988 அக்டோபர் 23 அன்று அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். புவியியலின் தந்தையருள் ஒருவர் பீடத்தில் வணக்கத்துக்குரியவராய் இருப்பதை நம் பள்ளி அறிவியல் நூல்கள் சொல்வதில்லை. நம் மறையுரைகளும் சொல்வதில்லை. உலகின் வயதைச் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடக்கி எண்ணியவர்தாம் அவரும். அவர் வகுத்த விதி அவரையும் கடந்து சென்றது.

குடும்ப உலாவாக இத்தேடல் தொடங்கியதற்கு இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கரையில் வாழ்ந்த ஆனிங் குடும்பத்தைச் சொல்லவேண்டும். தந்தை தச்சர், மகன் பெயர் யோசேப்பு, மகள் பெயர் மரியா! கத்தோலிக்கர் அல்லர். தந்தை பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் சென்று கற்களைத் தேடி, சுற்றுலா வருவோரிடம் விற்றார். 1810இல் அவர் இறந்தபின் வறுமையின் காரணமாகவே பிள்ளைகள் தேடலைத் தொடர்ந்தனர். 1811இல் மகன் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டெடுத்தான். மறு ஆண்டு, பதின்மூன்று வயதுகூட நிரம்பியிருந்ததோ இல்லையோ, மகள் அதன் மற்ற எலும்புகளைக் கண்டாள். மீனைப்போல் நீந்திய பெரும் ஊர்வனவான இக்தியோசாரஸ் அது. இன்று விடுமுறைக் களிப்பாய் இருப்பது அன்று ஓர் ஏழை வீட்டின் சோற்றுக்கு வழி.

இனி நம் கடலுக்கு வருவோம். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், தென் கண்டங்களிலிருந்து பிரிந்த இந்திய நிலத்தின் கிழக்கு விளிம்பில் கடல் உட்புகுந்தது. இன்றைய திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பகுதிகளும், விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கமும் அதன் அடியில் கிடந்தன. முன்னேறியும் பின்வாங்கியும் சுமார் 4 கோடி ஆண்டு அது அங்கே இருந்தது. பின்பு விலகிப் போயிற்று, படுகைகள் நின்றுவிட்டன. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாண அலுவலர்களான கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் இப்பகுதிகளில் கல்சிப்பிகளைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டார். அடுத்து ஹென்றி பிளான்ஃபோர்டு நிலம் முழுவதையும் நடந்து அளந்து, 1862இல் வெளிவந்த நூலில் படுகைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். (பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இவரே.) பாடாலூருக்கு அருகிலுள்ள சிற்றூரான ஊட்டத்தூரின் பெயர் அன்று முதல் உலகப் புவியியல் நூல்களில் ஏறிற்று.

மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டொலிச்கா, இப்படுகைகளின் உயிரினங்களை ஒவ்வொன்றாய் வரைந்து பெயரிட்டு, 1873 வரை வெளிவந்த பெருந்தொகுதிகளில் பதித்தார். 1874இல் லடாக்கின் உயர்மலையில் பயணத்தின்போது உயிர்நீத்தார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயதுதான். அந்நூல்களின் அட்டைகளில் ஐரோப்பியர் பெயர்கள் மட்டுமே உள்ளன. எந்த ஓடையில் எந்தக் கல் கிடக்கிறது என்று வழிகாட்டிய மாடு மேய்ப்பவனின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. அவனைப் போன்றவர்கள் இல்லாமல் அவ்வேலை நடந்திருக்க முடியாது என்றே எண்ணுகிறோம்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரின் வெளியில் அந்தக் கடலடி அப்படியே கிடக்கிறது. மழைநீர் அறுத்த களிமண் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாய், மரமின்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. இடையிடையே ஜிப்சம் கண்ணாடிச் சில்லுபோல் வெயிலில் மின்னுகிறது. மண்ணிலிருந்து கழுவப்பட்டு, துப்பாக்கிக் குண்டு போன்ற பெலெம்னைட்டுகள் வெளிப்படும். கணவாய் மீனின் உறவினது உள்ளோடு அது. சுருண்ட அம்மோனைட்டுகளும் உண்டு. சுறாப் பற்களும் கிடைத்திருக்கின்றன. ஸ்டெனோ கையில் வைத்துப் பார்த்தது போன்றவையே! அங்கிருந்து தொலைவில்லாத சாத்தனூரில், 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் அவர். கடலோரக் காட்டில் நின்று, நீரில் மிதந்து, அலையடிக்கும் ஆழத்தில் அமிழ்ந்த மரம் அது.

1953இல் பெயர்ப் போராட்டத்தால் தமிழகமெங்கும் அறியப்பட்ட கல்லக்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்களே, அக்கல்லில் ஒரு பகுதி பவளமும் கடற்பாசியும் கட்டிய திட்டு. அங்கே சிமெண்டு ஆலை வந்தது 1939இல். பின்னர் அரியலூரைச் சுற்றிலும் ஆலைகள் எழுந்தன. ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்துக்கு அரியலூர் வழியே செல்வோர் அக்கற்களைச் சுமந்த லாரிகளின் பின்னே புழுதி தின்று சென்றிருப்பார்கள். நாம் கட்டிய ஆலயங்கள், பள்ளிகள், குருமனைகள் எத்தனையின் சுவரில் அந்தக் கடலின் சிப்பி மாவாகிக் கலந்திருக்கிறதோ! ஆலைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலையும் வீடும் தருபவை அவை. சுரங்கம் வெட்டியதால்தான் பல படுகைகள் வெளிச்சத்துக்கே வந்தன. ஆனால் பொடியானது திரும்பாது. அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்து 1980களின் இறுதியில் அறிவிக்கப்பட்ட மிகப்பெரிய டைனோசர் எலும்புகளின் கதை இதற்குச் சான்று. உலகின் பேருயிர்களுள் ஒன்றாய் இருக்கலாம் என்று எண்ணப்பட்ட அவை உதிர்ந்து அழிந்துபோயின. படங்களை வைத்துக்கொண்டு அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டை என்ற செய்தி ஒரே நாளில் ஊரெங்கும் பரவிற்று. மக்கள் திரண்டனர். அம்மோனைட்டுகளும் அவற்றைச் சுற்றிச் சேறு திரண்டு இறுகிய உருண்டைகளும்தான் அவை என்று அறிந்தோர் விளக்கியபின் கூட்டம் கலைந்தது. முட்டை அல்ல என்றதும் ஆர்வம் போய்விட்டதை எண்ணி வருந்துகிறோம். முட்டையைவிட அம்மோனைட்டு எவ்வகையில் தாழ்ந்தது?

இத்தகைய இடத்தில் நிற்கும் குழந்தை தந்தையிடம் ஒரு கேள்வி கேட்கும். ஆறு நாளில் படைத்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் சொன்னார்களே, இந்தப் பலகையில் கோடி ஆண்டு என்று எழுதியிருக்கிறதே? பல தந்தையர் இங்கே மழுப்புகின்றனர். மழுப்பத் தேவையில்லை. மறைநூல் ஆசிரியர்கள் தத்தம் காலத்து இலக்கிய வகைகளில் எழுதினர், அவ்வகை அறிந்தே பொருள் காணவேண்டும் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943லேயே கற்பித்தார். பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று 1996இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். படைத்தவர் யார், படைப்பு எத்தகையது என்பதைத் தொடக்கநூல் சொல்கிறது. எத்தனை நாளாயிற்று என்பதைக் காரை ஓடையின் களிமண் சொல்கிறது.

அக்குழந்தையின் கேள்வியைவிடக் கடினமான ஒன்று பெரியவர்களாகிய நமக்கு அங்கே காத்திருக்கிறது. அம்மோனைட்டுகள் கடல்களில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றாய் அழிந்தன. அவற்றுள் ஒன்றைக்கூட உயிரோடு கண்ட மனிதக் கண் இல்லை. அவற்றின் ஓட்டுக்குள் மடிப்பு மடிப்பாய் ஓடும் கோலத்தை எவரும் வியக்கவில்லை, எவரும் உண்ணவில்லை, விற்கவில்லை. எல்லாம் நமக்காகவே என்று பேசிப் பழகிய நாம் இதை எங்கே வைப்பது? யோபு நூலின் இறுதிப் பகுதியில், நான் மண்ணுலகுக்கு அடித்தளமிட்டபோது நீ எங்கே இருந்தாய் என்ற பொருளில் ஆண்டவர் கேட்கிறார். குருமடத்தில் அப்பகுதியைத் துன்பத்தின் மறைபொருளோடு சேர்த்தே படித்தோம். காரையின் மேடுகளில் அது வேறொரு பொருளும் தருகிறது: நமக்குப் பயன்படாததையும் இறைவன் இத்தனை காலம் பேணி மகிழ்ந்திருக்கிறார். யோபு பதில் பேசாமல் வாய்மேல் கை வைத்துக்கொண்டார்.

பொறுக்கி எடுத்துவரலாமா என்பது அடுத்த வினா. இங்கிலாந்துக் கரையில் எடுக்காத கல்லை மறு அலை உடைத்துவிடும். அங்கே எடுப்பது காப்பதாகும். நம் நிலைமை வேறு. திருவக்கரையும் சாத்தனூரும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள். ஒரு சில்லைக்கூட எடுக்கக்கூடாது. காரையில் காவலில்லை, அதனாலேயே பல ஆண்டுகளாகப் பலர் பை நிறைய அள்ளிச் சென்றிருக்கின்றனர். எந்தப் படுகையில் கிடந்தது என்ற குறிப்பில்லாத அம்மோனைட்டு, ஸ்டெனோவின் விதிப்படி பார்த்தால், பக்க எண் கிழிந்த தாள். மேசைக்கு அழகு, வேறு பயனில்லை. பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, கண்டதை வரையச் சொல்லி, இடத்தையும் நாளையும் குறிக்கச் செய்யலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். புதுமையாய் ஏதேனும் தென்பட்டால் அசைக்காமல் விட்டு, புவியியல் துறை உள்ள கல்லூரி ஒன்றுக்குத் தெரிவிக்கலாம். கையில் எடுத்துப் பார்க்கும் ஆசைக்கு அரியலூர் அருகே வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால்தான், எனினும் பெயரோடும் வயதோடும் காணலாம்.

திருவண்ணாமலையிலிருந்து முதன்முறை செல்லும் குடும்பத்துக்குத் திருவக்கரையே ஏற்றது. காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம். தை, மாசி மாதங்கள் நல்லவை. சித்திரை வெயிலில் அந்தச் செம்மண் மேட்டில் குழந்தைகளால் நிற்க இயலாது. தண்ணீரும் குடையும் வேண்டும். காரைக்குச் செல்வோர் மழை நாளைத் தவிர்க்கவேண்டும். களிமண் வழுக்கும், ஓடையில் நீர் திடீரென ஏறும். இரண்டு இடத்திலும் நடுப்பகலைவிட முற்பகல் சிறந்தது. சாய்ந்த வெயிலில்தான் கல்மரத்தின் நாரும் கணுவும், களிமண்ணில் பாதி புதைந்த ஓடும் நிழல் விழுந்து கண்ணுக்குத் தெரியும்.